ஒரே கடல், இரண்டு செய்தித்தாள்: கடல் செய்திகளை ஆராயத் தொடங்குபவர்களுக்கு

கடல் அட்டை (கடலின் அடித்தரையில் ஊரும் உருளை வடிவ உயிரினம்) என்ற சொல்லை ராமநாதபுரம் பக்கத்துச் செய்திகளில் தேடிப் பாருங்கள். மூட்டை, கியூ பிரிவு போலீஸார், பறிமுதல், கைது என்ற சொற்கள் கூடவே வரும். அதே சொல்லை யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் தேடினால் பண்ணை, அனுமதி, ஏற்றுமதி, முதலீடு, எதிர்ப்பு என்று வரும். உயிரினம் ஒன்று, கடல் ஒன்று, மொழியும் ஒன்று. ஆனால் இங்கே அது குற்றச் செய்தி, அங்கே பொருளாதாரச் செய்தி. 2021-ல் கிளிநொச்சி மாவட்டத்துக் கௌதாரிமுனையில் சீன நிறுவனம் ஒன்றின் அட்டைப் பண்ணை சர்ச்சையானபோது அதுவே அரசியல் செய்தியாகவும் ஆனது.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், வளர்க்கலாம். இரண்டு பத்திரிகைகளும் நடந்ததைத்தான் எழுதுகின்றன. இருந்தாலும் இங்கே மட்டும் படிப்பவருக்குக் கடல் அட்டை என்றால் கடத்தல், அங்கே மட்டும் படிப்பவருக்கு அது பிழைப்பு. இந்த வேறுபாடு எப்படி உருவாகிறது, எந்தச் சொற்களால் உருவாகிறது, யார் பேசுவதால் உருவாகிறது என்று முறைப்படி பார்ப்பதுதான் ஊடகச் செய்திகளை ஆராய்வது. செய்தி உண்மையா பொய்யா என்று பார்ப்பது வேறு வேலை.

கடலுக்கு இந்த ஆராய்ச்சி மற்ற எந்தத் துறையையும் விட அதிகம் தேவை என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை பற்றிய செய்தியை வாசகர் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுக்கொள்வார். கடலுக்குள் 20 கிலோமீட்டர் தள்ளி இரவு 2 மணிக்கு நடந்ததை எதோடு ஒப்பிடுவார்? செய்தித்தாள் சொல்வதுதான் அவருக்குக் கடல்.

இரண்டு கருத்துகளைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். முதலாவது நிரல் அமைத்தல். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இருவர் ஆய்வு நடத்தி, 1972-ல் வெளியிட்டார்கள். ஊடகங்கள் எவற்றுக்கு அதிக இடம் கொடுத்தனவோ அவற்றையே வாக்காளர்களும் முக்கியப் பிரச்சினைகளாகச் சொன்னார்கள் என்பது அவர்கள் கண்டது. எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதில் ஊடகத்துக்குக் கை உண்டு என்று பொருள். இரண்டாவது சட்டகம், அதாவது ஒரு பிரச்சினையைச் செய்தி எந்தக் கோணத்தில் வைத்துக் காட்டுகிறது என்பது. 1993-ல் ராபர்ட் என்ட்மன் என்ற ஊடக ஆய்வாளர் இதை நான்கு கேள்விகளாகப் பிரித்துக் கொடுத்தார். பிரச்சினை என்ன என்கிறது செய்தி? காரணம் யார் அல்லது எது என்கிறது? யார் செய்தது தவறு என்கிறது? தீர்வு என்னவென்கிறது? எந்த மீன்பிடிச் செய்தியை எடுத்தாலும் இந்த நாலு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுக்கு மட்டும் பதில் இருக்கும். எந்த இரண்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் செய்தி விட்டுவிட்டதைக் கண்டுபிடிக்கவே முடியாது. விட்டதைக் காண, இருப்பது தெரிய வேண்டும்.

பாக் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். ஆழம் குறைந்த கடல். 1974 ஒப்பந்தத்தில் இங்கே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் எல்லைக் கோடு போடப்பட்டது. 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கோடு நீண்டது. கச்சத்தீவு 1974 கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. இது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் செய்தித்தாள் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கதை அவ்வளவு சொல்லப்படுவதில்லை. 1952-ல் இந்தியா நார்வேயுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கேரளத்தில் விசைப்படகு மீன்பிடிப்பு தொடங்கியது. பிறகு இறாலுக்கு வெளிநாட்டில் கிடைத்த விலை, அரசு கொடுத்த மானியம் எல்லாம் சேர்ந்து இழுவை மடி (விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் வலை) தமிழகக் கடலிலும் பெருகியது. இழுவை மடி கடலின் அடித்தரையைத் துழாவிக்கொண்டே போகும். வேண்டிய மீன், வேண்டாத குஞ்சு, புல் எல்லாம் ஒரே மடியில் ஏறும்.

1983-லிருந்து 2009 வரை இலங்கையில் போர். வட மாகாண மீனவர்கள் கடலுக்குப் போகப் பல தடைகள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கடலைப் பெருமளவு பயன்படுத்தியவை இந்தப் பக்கத்து இழுவைப் படகுகள். போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் கடன்பட்டு வலை வாங்கி மறுபடி கடலில் இறங்கியபோது, அவர்கள் விட்ட வலைகளை இழுவை மடிகள் அறுத்துக்கொண்டு போயின. 2017-ல் இலங்கை தன் கடலில் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே 2017-ல் தமிழகத்தில் பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு கைதுச் செய்தியைப் படித்தால், அதில் எல்லைக்கோடு இருக்கிறது, இழுவை மடி இல்லை என்பது கண்ணில் படும். தெரியாமல் படித்தால் படாது.

தேடுசொல்தான் உங்கள் வலை

வலைக்கண்ணியின் அளவுதான் எந்த மீன் மாட்டும் என்பதை முடிவு செய்கிறது. தேடுசொல்லும் அப்படித்தான். ‘மீனவர்கள்’ என்று மட்டும் தட்டித் தேடினால், மீனவர், மீனவரை, மீனவருக்கு, மீனவப் பெண்கள் என்று வேறு வடிவங்களில் நிற்பவை பல தேடுபொறிகளில் நழுவிவிடும். ‘மீனவ’ என்ற அடிச்சொல்லோடு தேட வேண்டும். அப்போதும் இலங்கைப் பத்திரிகைகளில் பாதி போய்விடும். அங்கே ‘கடற்றொழிலாளர்’ என்ற சொல் பரவலாக இருக்கிறது. அங்கே அமைச்சின் பெயரிலும் கடற்றொழில் என்றுதான் இருக்கும்.

ஊர்ப்பெயர்களில் இன்னும் சிக்கல். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என்று நான்கு விதம். இங்கே கச்சத்தீவு, அங்கே கச்சதீவு. ஒரே நீர்ப்பரப்பு பாக் ஜலசந்தி, பாக் நீரிணை, பாக்கு நீரிணை, பாக் விரிகுடா என்று வரும் (புவியியல்படி விரிகுடாவும் நீரிணையும் வேறு வேறு. செய்தியில் மாற்றி மாற்றி எழுதுவார்கள்). இழுவை மடி, இழுவைப் படகு, இழுவை வலை, டிராலர், விசைப்படகு, ரோலர், றோலர். கடற்பசு, ஆவுளியா. இந்தப் பட்டியலை எழுதவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் வீண் இல்லை. ஏழெட்டுச் செய்தித்தாள்களைச் சும்மா படித்து, கண்ணில் பட்ட சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்துவிட்டு அப்புறம் தேடினால்தான் தேடல் தேடலாக இருக்கும்.

ஆவுளியா என்ற சொல்லைக் கவனியுங்கள். கடற்பசு என்ற கடல்வாழ் பாலூட்டிக்கு மீனவர் வாயில் அந்தப் பெயர்தான் வரும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. செய்தி கடற்பசு என்று எழுதுகிறதா, ஆவுளியா என்று எழுதுகிறதா என்பதை எண்ணினாலே செய்தி அறிக்கையிலிருந்து வந்ததா, கரையிலிருந்து வந்ததா என்று ஓரளவு தெரிந்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் புதிதாகத் தொடங்குபவர் செய்யக்கூடிய நல்ல முதல் ஆய்வு அது.

எந்த நாட்களை எடுப்பது

ஒரு வருடச் செய்திகள் முழுவதையும் படிக்க முடியாவிட்டால் சில நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊடக ஆய்வில் புழங்கும் வழி ‘தொகுத்த வாரம்’. வருடத்திலுள்ள எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கல் முறையில் ஒன்று, செவ்வாய்க்கிழமைகளிலிருந்து ஒன்று என்று எடுத்து ஒரு வாரம் செய்வது. நாளிதழுக்கு ஒரு வருடத்துக்கு இப்படி இரண்டு வாரங்கள் போதும் என்பது பாடநூல்களில் உள்ள கணக்கு.

பொதுச் செய்திக்கு அது சரியாக இருக்கலாம். கடல் செய்திக்கு அதை அப்படியே எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கடலுக்கு வேறு நாட்காட்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும். பிப்ரவரி, மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. ராமேஸ்வரத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகள், நான்கு நாள் நாட்டுப்படகுகள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகிறார்கள். குலுக்கலில் எடுத்த 14 நாட்களில் ஐந்து நாள் தடைக்காலத்தில் விழுந்துவிட்டால், நீங்கள் கண்டுபிடிப்பது ‘கைதுச் செய்திகள் குறைவு, மீன் விலைச் செய்திகள் அதிகம்’ என்பதாக இருக்கும். அது பத்திரிகையின் குணம் அல்ல, தடைக்காலத்தின் குணம். அதனால் வருடத்தை முதலில் கடலின் பருவங்களாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு பருவத்திலிருந்தும் நாட்களை எடுங்கள்.

தடைக்காலம் பற்றியே தனியாக ஒரு ஆய்வு செய்யலாம். அந்த இரண்டு மாதமும் செய்தி யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். ‘மீன் விலை உயர்வு’ என்றால் வாங்குபவரிடம் பேசுகிறது. ‘நிவாரணத் தொகை’ என்றால் படகில் போகிறவரிடம். ‘மீன்வளம் பெருகும்’ என்றால் அரசின் குரலில் பேசுகிறது. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், கருவாடு காயவைப்பவர் எத்தனை செய்தியில் வருகிறார்கள்?

பதிப்பு விஷயத்தையும் மறக்கக் கூடாது. தமிழ் நாளிதழ்களுக்கு ஊருக்கு ஊர் பதிப்பு. ராமநாதபுரம் வாசகருக்கு முதல் பக்கத்தில் போகும் செய்தி, சென்னைப் பதிப்பில் உள்ளே ஒரு சிறு கட்டத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று எழுதாத ஆய்வை நான் நம்புவதில்லை. பழைய இதழ்கள் வேண்டுமென்றால் சென்னையில் கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டிலும் தொடங்கலாம். 1954-ல் வந்த சட்டப்படி வெளியீடுகளின் பிரதி போக வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாரா ஒன்று. ஈழத்து இதழ்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகம் பெரிய கொடை.

ஒரு செய்தியை அவிழ்த்துப் பார்ப்போம்

வேலையின் உயிர் இங்கேதான். பழகுவதற்காக நானே எழுதிய ஒரு செய்தியைத் தருகிறேன். எந்தப் பத்திரிகையிலும் வந்ததல்ல, ஆனால் படிக்கும்போது நூறு முறை படித்தது போல இருக்கும்.

‘ராமேஸ்வரத்தில் இருந்து நேற்று விசைப்படகுகளில் மீனவர்கள் கடலுக்குச் சென்றனர். நள்ளிரவில் நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, அங்கு வந்த இலங்கைக் கடற்படையினர், எல்லை தாண்டி வந்ததாகக் கூறி 2 படகுகளைப் பறிமுதல் செய்து 12 மீனவர்களைச் சிறைபிடித்தனர். இதனால் மீனவக் கிராமத்தில் சோகம் நிலவுகிறது. மீனவர்களையும் படகுகளையும் மீட்க மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என மீனவர் சங்கத்தினர் கோரிக்கை விடுத்துள்ளனர்.’

நான்கே வாக்கியம். மெதுவாகப் படியுங்கள்.

‘எல்லை தாண்டி வந்ததாகக் கூறி’. இந்த ‘-ஆகக் கூறி’ தமிழில் மிக நுட்பமான கருவி. தாண்டினார்கள் என்றும் சொல்லவில்லை, தாண்டவில்லை என்றும் சொல்லவில்லை. அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதே வாக்கியத்தில் ‘நெடுந்தீவு அருகே’ இருக்கிறது. நெடுந்தீவு யாழ்ப்பாண மாவட்டத்தின் தீவு. வரைபடம் தெரிந்தவருக்கு இடத்தின் பெயரே பதிலைச் சொல்லிவிடுகிறது. தெரியாதவருக்குச் சந்தேகம் கடற்படை மீது நிற்கிறது.

‘சிறைபிடித்தனர்’. இதை ‘கைது செய்தனர்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கைது என்றால் சட்டம், வழக்கு, நீதிமன்றம் நினைவுக்கு வரும். சிறைபிடிப்பு என்றால் போர்க்களம் நினைவுக்கு வரும். இரண்டில் எது சரி என்று ஆய்வாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பத்திரிகை, எந்த வருடம், யார் பிடித்தபோது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்று எண்ண வேண்டும். இலங்கை மீனவர்கள் இந்தியக் கடலில் சிக்கியபோது அதே பத்திரிகை என்ன சொல் போட்டது என்றும் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் எதையும் நிறுவ முடியாது.

‘விசைப்படகுகளில்’. படகு தெரிகிறது, படகில் இருந்த வலை தெரியவில்லை. பிணக்கின் நடுவில் இருப்பது இழுவை மடி. அந்தச் சொல் நான்கு வாக்கியத்திலும் இல்லை.

‘சோகம் நிலவுகிறது’. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கிராமத்துக்குப் போய் ஒரு அம்மாவைப் பார்த்து எழுதிய வரியாகவும் இருக்கலாம், வழக்கமாகச் சேர்க்கும் வரியாகவும் இருக்கலாம். பெயரோ பேச்சோ இல்லாத வரி என்று குறித்துவையுங்கள்.

பேசியவர்கள்: சங்கத்தினர் மட்டும், அதுவும் மேற்கோள் இல்லாமல். பிடிபட்ட 12 பேரில் படகு உரிமையாளர் எத்தனை, கூலிக்குப் போனவர் எத்தனை? அபராதமும் சிறையும் யார் தலையில் விழுகிறது என்பதே இதில்தான் இருக்கிறது. செய்தியில் எல்லோரும் ‘மீனவர்கள்’.

இப்போது அதே இரவை மறுகரையிலிருந்து யோசியுங்கள். ‘இந்திய மீனவர்கள்’, ‘அத்துமீறல்’, ‘சட்டவிரோத மீன்பிடி’, கடற்படை ஊடகப் பிரிவின் தகவல். அங்கே இழுவைப் படகு என்ற சொல் இருக்கும், எல்லை ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கும். ஆனால் அந்த 12 பேருக்கு முகமே இருக்காது. அன்றிரவு வலை அறுபட்ட உள்ளூர்த் தொழிலாளி பேசுகிறாரா, கடற்படை மட்டும் பேசுகிறதா என்று அங்கேயும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தமிழ் பேசும் மீனவர்கள், இரண்டு பக்கமும் அவர்களுக்காக வேறு யாரோ பேசுவது. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மேலே செய்ததை ஒவ்வொரு செய்திக்கும் ஒரே மாதிரி செய்யத்தான் குறியீட்டுத் தாள். ஒரு அட்டவணைதான். ஒரு வரிசைக்கு ஒரு செய்தி. தேதி, பத்திரிகை, பதிப்பு, பக்கம், எத்தனை பத்தி என்று முதலில் எளிய கட்டங்கள். அடுத்து எந்த வினைச்சொல், இழுவை மடி பற்றிய பேச்சு உண்டா, யார் யார் பேசினார்கள், பெண் பேசினாரா, காரணம் எது, தீர்வு எது. என்னுடைய தாளில் 14 கட்டங்கள் இருந்தன. முதல் முயற்சிக்கு அதற்கு மேல் வேண்டாம். 40 கட்டம் போட்டவர்கள் இருபதாவது செய்தியில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பிடிபட்டவர்களின் பெயர், ஊர், வயது செய்தியில் இருந்தாலும் உங்கள் அட்டவணையில் ஏற்றாதீர்கள். உங்கள் கேள்விக்கு அது வேண்டாம், அவர்களுக்கு அது தொந்தரவாக முடியலாம்.

தாள் தயாரானதும் இன்னொருவரிடம் 30 செய்திகளைக் கொடுத்துத் தனியாக நிரப்பச் சொல்லுங்கள். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். வெறும் சதவீதம் ஏமாற்றும். 100 செய்தியில் 90 கைதுச் செய்தி என்றால், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘கைது’ என்று எழுதினாலே, சரியாகப் படித்து எழுதியவரோடு 90 சதவீதம் ஒத்துப்போகும். அதனால்தான் தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா போன்ற அளவுகள். 0.80-க்கு மேல் வந்தால் நம்பலாம், 0.667-க்குக் கீழே வந்தால் தாளைத் திருத்த வேண்டும். குறைவாக வந்தால் சங்கடப்பட வேண்டாம். எனக்கு ‘வாழ்வாதாரம்’ என்ற கட்டத்தில்தான் மோசமாக வந்தது. அந்தச் சொல் செய்தியில் வந்தாலே நான் டிக் போட்டேன். என் தோழி, பிழைப்பு பற்றி உண்மையிலேயே ஏதாவது சொன்னால்தான் போட்டாள். அவள் செய்ததுதான் சரி. விதியை மாற்றி எழுதினோம்.

புயலில் தெரியும் சட்டகம்

கைதுச் செய்தி மட்டுமே கடல் செய்தி அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக உருவெடுத்துக் கன்னியாகுமரிக்கு அருகே கடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வரும் முன்பே பலர் வெகுதூரம் போயிருந்தார்கள். கரையிலிருந்து அவர்களை எட்டும் தொடர்பு வசதி இல்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

இதில் தேட வேண்டிய ஒரு சொற்றொடர் உண்டு: ‘எச்சரிக்கையை மீறி’. புயல் செய்திகளில் அது எத்தனை முறை வருகிறது, எந்தத் தேதிகளில் வருகிறது, யார் சொன்னதாக வருகிறது என்று எண்ணுங்கள். கூடவே, அந்த மீனவர்கள் கிளம்பிய தேதியும் எச்சரிக்கை வந்த தேதியும் ஒரே செய்தியில் அருகருகே வருகின்றனவா என்று பாருங்கள். என்ட்மனின் இரண்டாவது கேள்வி நினைவிருக்கிறதா, காரணம் யார் என்பது? அந்த இரண்டு சொற்கள் காரணத்தை மீனவர் மீது தூக்கி வைத்துவிடும். இரண்டு தேதிகளும் அருகருகே வந்தால் காரணம் தொடர்பு வசதி இல்லாத இடத்துக்குப் போகும்.

பிறகு அந்தச் செய்தி எப்போது தேய்கிறது என்று நாள் வாரியாக ஒரு கோடு வரையுங்கள். ஒரு பிரச்சினை திடீரென எழுந்து, உச்சம் போய், பிரச்சினை தீராமலே கவனத்திலிருந்து மறைவதை 1972-ல் ஆன்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கவனச் சுழற்சி என்று விவரித்தார். கடலுக்கு இது கன கச்சிதமாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க இன்னொரு நல்ல இடம் கப்பல் விபத்துகள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து, ஜூனில் மூழ்கியது. கோடிக்கணக்கான பிளாஸ்டிக் குருணைகள் கரை ஒதுங்கின. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. கப்பல் எரிவதற்குப் படம் உண்டு. மணலில் குருணை கிடப்பதற்குத் தேதி இல்லை, அது வருடக்கணக்கில் கிடக்கும். ஆறாவது மாதம் எத்தனை செய்தி என்று எண்ணினால் கோடு தானாகப் பேசும்.

இல்லாதவரை எண்ணுவது

செய்தியில் இருப்பதை எண்ணுவது எளிது. இல்லாததை எண்ண வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் கடல் மீன் வரத்து மதிப்பீட்டை வெளியிடுகிறது (1947-ல் தொடங்கப்பட்ட அது பல ஆண்டுகள் பாக் விரிகுடாவின் கரையில் உள்ள மண்டபத்தில்தான் இருந்தது). கைது எண்ணிக்கை நாடாளுமன்றக் கேள்வி பதில்களில் கிடைக்கும். இவற்றைச் செய்தி எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால், கைது கூடும்போது செய்தி கூடுகிறதா, தேர்தல் வரும்போது கூடுகிறதா என்று தெரியும்.

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் விற்பது, ஏலம் எடுப்பது, கருவாடு போடுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். ராமநாதபுரம் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மூச்சுப் பிடித்து மூழ்கித் தொழில் செய்கிறவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவானபோது அவர்கள் பாசி எடுத்த இடங்களும் அதற்குள் போயின. ‘மீனவர்’ என்று தேடினால் இவர்கள் வரவே மாட்டார்கள். ‘பாசி’ என்று தேடினால் வருவார்கள், அதுவும் சில சமயம் வனத்துறைச் செய்தியில்.

செய்தி எழுதுபவரையும் போய்ப் பாருங்கள். கடலோர ஊர் நிருபர் ஒருவரே காலையில் கோயில் திருவிழா, மதியம் விபத்து, இரவு கைது எல்லாம் எழுதுகிறார். அவருக்குக் கடலுக்குள் போக வழி இல்லை. கையில் கிடைப்பது ஒரு போலீஸ் குறிப்பு, ஒரு சங்கத் தலைவரின் தொலைபேசி எண். இரவு பக்கம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். உங்கள் அட்டவணையில் ‘பேசியவர்: சங்கம்’ என்று திரும்பத் திரும்ப வருவதற்குச் சார்பைவிட இந்த அவசரம் பெரிய காரணமாக இருக்கலாம். அதைக் கேட்காமல் பத்திரிகையைக் குற்றம் சொல்லி எழுதுவது நியாயம் இல்லை.

முடிவுகள் கைக்கு வந்ததும் அவற்றை யாரைப் பற்றியவையோ அவர்களிடமே எடுத்துக்கொண்டு போங்கள். நான் பாம்பன் பக்கம் ஒரு வலைக் கொட்டகையில் என் தாளை விரித்துக் காட்டினேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஊசியைக் கீழே வைக்காமலே முழுவதையும் கேட்டார்.

“எல்லாம் எழுதியிருக்கீக தம்பி. அன்னிக்கு என்ன காத்துன்னு ஒரு எடத்துலயும் இல்லையே?”

“பேப்பர்ல வரலைங்க ஐயா.”

“அதத்தான் கேக்குறேன். வாடையா, கொண்டலா, நீவாடு எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு தெரியாம, ஒரு படகு ஏன் அங்க போச்சுன்னு எப்படிச் சொல்லுவீக?”

பக்கத்தில் கூடை பின்னிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “அது நாட்டுப்படகுக்குச் சரி. இழுவைக்காரன் தெரிஞ்சுதானே போறான். இந்தப் பக்கம் என்ன இருக்கு அவனுக்கு?”

இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். அன்றிரவு தாளில் பதினைந்தாவது கட்டம் போட்டேன். ‘காற்று, நீரோட்டம்: உண்டு / இல்லை’. அதற்குப் பக்கத்தில் பதினாறாவதாக, ‘இந்தப் பக்கம் மீன் குறைந்தது பற்றிய பேச்சு: உண்டு / இல்லை’. பிறகு ஜனவரி மாதக் கட்டை எடுத்து முதல் செய்தியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினேன்.